வெள்ளையனின் ரப்பர் முகம்

முகத்தை அச்செடுக்கும்போது மூக்கின் துவாரத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் வைப்பது வழக்கம். வெள்ளையனுக்கு ஒன்றுதான் வைக்க முடிந்தது. மற்றொரு துவாரத்தைத் தழும்பு மூடியிருந்தது. அதனால் இரண்டாவது குழாயை வாயோரத்தில் செருகினேன்.

"மூச்சு வருதா?" என்றேன். அவர் கையை ஆட்டினார்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு வெளியே ஒரு காலிப் புளிக் கிடங்கைத்தான் எங்களுக்கு ஒப்பனை அறையாகக் கொடுத்திருந்தார்கள். புளி போய்விட்டது, வாசனை போகவில்லை. உள்ளே நுழைந்தாலே பல் கூசும். அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். புருவத்திலும் மீசையிலும் வாஸ்லின் தடவி, தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, குழைத்த பிளாஸ்டரைக் கரண்டியால் நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். கன்னம், தாடை, குழாயைச் சுற்றி மூக்கு, கடைசியில் கண். கட்டிலை ஒட்டி அவர் மனைவி காசியம்மா குந்தியிருந்தார்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். எல்லோரிடமும் சொல்வதுபோல அவரிடமும் அதைச் சொல்லியிருந்தேன். ஆனால் காதால் கேட்பது வேறு, கண்மூடிய இருட்டில் முகம் முழுக்கச் சூடு பரவுவது வேறு.

முதலில் அவர் கால் விரல்கள் மடங்கின. பிறகு கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. அடுத்த கணம் ஒரு முனகல். எழுந்தே விட்டார். பாதி இறுகிய பிளாஸ்டர் மார்பில் விழுந்து உடைந்தது. குழாய்கள் தெறித்தன. முகத்தின் ஒரு பக்கம் வெள்ளையாக, மறுபக்கம் வெறுமையாக, கதவை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். காசியம்மா பின்னால் ஓடினார். நான் கரண்டியோடு நின்றேன்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் போனதும் எழப் பார்த்தார். வேண்டாம் என்று தோளைத் தொட்டேன்.

"சூடு ஏறிச்சு சார்," என்றார். "அது மூச்சு மாரியே இருந்துச்சு."

"எது மூச்சு?"

"கரடிதாங்க."

இறங்குகிறவன் எங்கே இறங்குவான்?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் நாடகக் கம்பெனி அசுரர்களின் கோரைப்பற்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "பல் வைப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இருந்ததா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருந்தது அம்மா. ஒருமுறை, யாருமே பார்த்திராத ஒரு முகத்தைச் செய்யும் வேலை இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் வீட்டு வாசலில் தெருவே செருப்பைக் கழற்றிப் போட்ட காலம். ரகுநாதன் என்ற இளைஞர், இயக்குநர் படிப்பு முடித்த சூடு ஆறாதவர், தொலைக்காட்சிக்காக ஒரு விஞ்ஞானத் தொடர் எடுக்கக் கிளம்பினார். ஒரு விண்கலம் மலையில் விழுகிறது. அதிலிருந்து வந்தவன் மலைக்காட்டில் ஒளிந்து திரிகிறான். ஒரு பெண் விஞ்ஞானி அவனைக் கண்டுபிடிக்கிறாள். கதை அவ்வளவுதான்.

ஜவ்வாது மலையை அவர் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் சொன்னார். நட்சத்திரம் பார்க்கிற பெரிய தொலைநோக்கி அந்த மலையில்தான் இருக்கிறது. "இவ்வளவு பேர் ஆசையா மேலே பார்த்துக்கிட்டிருக்காங்க. வர்றவன் இங்கே இறங்காம வேற எங்கே இறங்குவான் சபாபதி சார்?" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அந்த முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். "நமக்குத் தெரிஞ்ச எது மாதிரியும் இருக்கக்கூடாது," என்றார்.

இதைவிடக் கஷ்டமான உத்தரவு என் தொழிலில் எனக்கு வந்ததில்லை. அசுரன் என்றால் மீசையைத் தடியாக்கிக் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வைத்தால் கடைசி வரிசைக்காரருக்கும் புரிந்துவிடும். பேய்க்குப் பவுடர் போதும். முனிவருக்குச் சணல் தாடி. இதெல்லாம் பார்க்கிறவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் முகங்கள். நான் ஞாபகப்படுத்தினால் போதும். இவனோ யாருடைய ஞாபகத்திலும் இல்லாதவன்.

பச்சையும் சாம்பலும்

முதலில் பச்சை நிறம்தான் தோன்றியது. கலர் ஒளிபரப்பு வந்த புதிது. பச்சை முகத்தைக் காட்டினால் ஜனங்கள் ஆவென்று பார்ப்பார்கள் என்று ரகுநாதனும் குதித்தார். ஒரு பையனுக்குப் பச்சை பூசி, ஸ்டுடியோவில் கேமரா முன்னால் நிறுத்தினோம். கலர் பெட்டியில் அற்புதம். பக்கத்திலேயே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியும் இருந்தது. அதில் எங்கள் வேற்றுக் கிரகத்தான், வெயிலில் கொஞ்சம் அலைந்த மாம்பலத்துக்காரன் மாதிரி நின்றான்.

பச்சை, சிவப்பு, எங்கள் தோல் நிறம், எல்லாம் அந்தப் பெட்டியில் ஒரே சாம்பல். அன்றைக்குத் தமிழ்நாட்டில் முக்கால்வாசி வீட்டில் அந்தச் சாம்பல் பெட்டிதானே?

ஆக, நிறத்தை நம்ப முடியாது. மேடு பள்ளத்தைத்தான் நம்ப வேண்டும். நிழல் விழுகிற முகம் வேண்டும். மலைக்கு வந்து சேர்ந்த பிறகும் அது என்ன முகம் என்று எனக்குப் பிடிபடவில்லை. பாறையைப் பார்த்தேன், மரப்பட்டையைப் பார்த்தேன், பலாவைப் பார்த்தேன். எல்லாமே ஒட்டவைத்த மாதிரி இருந்தன.

ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் ஒரு பெண் சாக்கை விரித்துக் கடுக்காய் கொட்டியிருந்தார். கையில் ஒன்றை எடுத்தேன். காம்பிலிருந்து நுனிவரை நீள நீளமாக வரப்புகள், நடுவில் ஆழமான வரிகள். வெயிலில் திருப்பினால் ஒவ்வொரு வரப்புக்குப் பக்கத்திலும் ஒரு நிழல் நகர்ந்தது. அங்கேயே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா சார், வாங்குறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?" என்றார் அந்தப் பெண்.

ஒரு படி வாங்கினேன். நெற்றியில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கும் வரப்புகள், தட்டையான மூக்கு, இமை தெரியாத கண். எங்கள் ஆட்கள் அவனுக்குக் கடுக்காய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தொடரில் அவனுக்கு இருந்த பெயர் இப்போது எனக்கே நினைவில்லை.

ஜம்புவின் கன்னம்

கடுக்காயாக நடிக்க வந்தவர் ஜம்பு. சென்னையில் சபா நாடகங்களில் நகைச்சுவை வேடம் கட்டுகிறவர். நல்ல மனிதர், பெரிய மூக்கு. சென்னையிலேயே அவர் முகத்தை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த அச்சு முகத்தின் மேல் களிமண்ணால் கடுக்காயைச் செய்து, அதற்கு மறு அச்சு எடுத்து, அதற்குள் ரப்பர் பாலை ஒரு பூச்சு பூசிக் காயவிட்டு, மறுபடி பூச வேண்டும்.

காயவிட்டு என்று சுலபமாக எழுதிவிட்டேன். மார்கழி மாதம். காலையில் மலையில் எதிரே நிற்கிறவர் தெரியாது. ரப்பர் பால் காயாமல் தயிர் மாதிரி கிடந்தது. குமுட்டி அடுப்புகளில் கரி போட்டுக் கிடங்குக்குள் வைத்தோம். சூடு ஏற ஏற ரப்பர் பாலிலிருந்து அமோனியா நெடி கிளம்பும். கண்ணீர் வழிய விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாராவது பார்த்தால் எழவு வீடு என்று நினைப்பார்கள்.

அப்படிப் பெற்ற முகத்தை ஜம்பு ஒரு நாள் முழுக்கப் போட்டு நடித்தார். பாறைமேல் நிற்கிற காட்சி. கூலிக்குச் சாமான் தூக்க வந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தொட்டுப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். ஒருவர் காதுக்குள் விரலை விட்டார்.

மறுநாள் காலை ஜம்புவின் கன்னம் இரண்டும் வீங்கிச் சிவந்து தடித்திருந்தன. ரப்பர் அவருக்கு ஆகவில்லை. கண் திறக்க முடியவில்லை. வேலூருக்கு அனுப்பினோம். மருத்துவர் இனி ரப்பரைக் கிட்டேயே கொண்டுபோகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கிட்ட வந்து பார்த்தவர்கள்

வெள்ளையன் அந்தக் கூலியாட்களில் ஒருவர். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமம். சாமை விதைக்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கனமான பேட்டரிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறுவார். எப்போதும் ஒரு துண்டால் முகத்தில் பாதியைச் சுற்றியிருப்பார். குளிருக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தண்ணீர் குடிக்கும்போது துண்டு விலகியது. இடது கண் இல்லை. மூக்குத் தண்டு இல்லை. மேலுதடு ஒருபக்கமாக இழுத்துத் தைத்தது போலிருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால், இலுப்பைப் பூ பொறுக்க விடியலில் போனபோது அவரைக் கரடி கீழே தள்ளிக் கடித்திருக்கிறது. தோளில் போட்டு மலையிறக்கிக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள்.

ஜம்பு போனதும் ரகுநாதன் என்னைத் தனியே கூப்பிட்டார். தலையைச் சொறிந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்த பேட்டரிக்காரர்... அவர் முகத்துக்கு நாம பெரிசா ஒண்ணும் பண்ண வேண்டியதில்லையே?"

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. மனிதனைப் பார்க்கிற லட்சணமா இது என்கிற தோரணையில் ஏதோ கத்தினேன். ரகுநாதனுக்கு முகம் சிறுத்துப் போனது. பேச்சு அதோடு நின்றது.

அன்று மதியம் கிடங்கில் ஜம்புவின் ரப்பர் முகத்துக்குப் பவுடர் போட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெள்ளையன். பின்னால் காசியம்மா.

"சார், அந்த ரப்பர் மூஞ்சிய நான் போட்டுக்கட்டுமா?"

நான் எச்சரிக்கையானேன். "இயக்குநர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"அவுரு இன்னா சொல்லப் போறாரு? நீங்க கத்துனது மலைக்கே கேட்டுது." சிரித்தார். அவர் சிரிப்பில் மெல்லிய விசில் வரும். "அதைப் போட்டா உள்ள ஆருன்னு தெரியாதில்ல?"

"தெரியாது."

"ஜம்பு சாரு போட்டுக்கினு நின்னாரே, அன்னிக்கு எல்லாம் கிட்ட வந்து பாத்தாங்க. தொட்டுக்கூடப் பாத்தாங்க. என்னை ஒருத்தரும் கிட்ட வந்து பாக்குறதில்ல சார். எதிர்ல வந்தாக்கூட வேற பக்கம் திரும்பிக்கறாங்க."

நானும் திரும்பிக்கொண்டவன்தான். முகமூடியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அருகில் வந்து அதன் தட்டை மூக்கைத் தடவினார்.

"ஜம்பு சாருக்கு இங்க இடிச்சிது, இல்ல? எனக்கு இடிக்காது."

காசியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

என் முகத்தில் பிளாஸ்டர்

ஜம்புவின் அளவு இவருக்குப் பொருந்தவில்லை. புதிதாக அச்செடுக்கத்தான் வேண்டும். அப்படித்தான் அந்தக் கட்டிலும் குழாயும் ஓட்டமும்.

பாறையில் உட்கார்ந்திருந்தவரிடம், இது வேண்டாம், விட்டுவிடலாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். காசியம்மாதான் என்னிடம் திரும்பினார்.

"ஏங்க, இதை நீங்க உங்க மூஞ்சில போட்டுப் பாத்திருக்கீங்களா?"

எத்தனையோ பேர் முகத்தை அச்செடுத்திருக்கிறேன். என் முகத்தை யாரும் எடுத்ததில்லை. அப்படி ஒரு எண்ணமே எனக்கு வந்ததில்லை.

"அப்ப மொதல்ல நீங்க போட்டுக் காட்டுங்க. இவுரு பாக்கட்டும்."

அப்படியே செய்தோம். என் உதவியாளர் பிளாஸ்டர் குழைக்க, நான் கட்டிலில் படுத்தேன். முதலில் ஜில்லென்று, சுகமாகத்தான் இருந்தது. கண்ணை மூடியதும் உலகம் சட்டென்று சுருங்கிவிட்டது. என் இதயம் அடிப்பது காதுக்குள் கேட்டது. கனம் ஏறிக்கொண்டே போனது. சூடு, நான் எல்லோரிடமும் அலட்சியமாகச் சொல்கிற அந்தச் சூடு, தாடையில் பிடித்துக் கன்னத்துக்கு ஏறியது. ஒரு கணம், இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால்? அவ்வளவுதான், உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது.

டொக் டொக் என்று நெற்றியில் யாரோ தட்டினார்கள். வெகு தூரத்திலிருந்து வெள்ளையன் குரல்.

"சார், உள்ள கீறீங்களா?"

சிரிப்பு வந்தது. முகம் அசையக்கூடாது என்பதால் வயிற்றால் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பயம் எங்கேயோ போய்விட்டது.

கழற்றியபோது வெள்ளையன் அந்த அச்சுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, எனக்குப் போடுங்க," என்றார். "ஆனா படுக்க மாட்டேன். அது என்னை மல்லாத்திப் போட்டுத்தான் கடிச்சுது. நான் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்த ஆளுக்குப் பிளாஸ்டர் வழியும். நாற்காலியில் அவரைச் சாய்த்து, பாதிப் பாதியாக எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். முதலில் கண் உள்ள பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம். கண் திறந்தபடி அவர் வாசலையும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது காய்ந்த பிறகு அடுத்த பக்கம். காசியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டு ஆடு வேலியைத் தாண்டிய கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளையனின் கால் விரல்கள் மறுபடி மடங்கின. ஆனால் எழவில்லை. இறுகியது. கழன்று வந்தது.

யார் மூக்கு இது?

அந்த அச்சில் வார்த்தெடுத்த வெள்ளை முகத்தை மேசைமேல் வைத்தபோது அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். விரலால் தழும்பின் வழியே போனார். அவர் வீட்டில் இருந்த கைக்கண்ணாடியில் தன் முகத்தை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லையாம்.

"பக்கத்துல இருந்து பாத்தா இப்டியா கீறேன்?" என்றார். துக்கமாகச் சொல்லவில்லை. புது மாட்டைப் பார்க்கிறவர் சொல்வதுபோலச் சொன்னார்.

காசியம்மா வேறு ஒன்று யோசித்துக்கொண்டிருந்தார். "நான் வாக்கப்பட்டப்பவே இவுரு இப்டிதான். முன்ன எப்டி இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. உங்க மண்ணுல அந்த மூக்க வெச்சுக் காட்ட முடியுங்களா?"

புகைப்படம் கிடையாது. வெள்ளையனுக்கும் சரியாக நினைவில்லை. எலும்பின் போக்கைப் பார்த்து ஒரு மூக்கு வைத்தேன். கன்னத்தை நிரப்பினேன், உதட்டை இறக்கினேன். வெள்ளையன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்க பெரியப்பா மூக்கு," என்றார். கொஞ்சம் சிறியதாக்கினேன். "இது ஆருன்னே தெரில." இன்னொரு மூக்கு வைத்தேன்.

களிமண்ணால் முழுமையாகிவிட்ட அந்த முகம் லட்சணமாகத்தான் இருந்தது. காசியம்மா இரண்டடி பின்னால் போனார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார், வேற்று ஆள் எதிரில் நிற்பதுபோல.

"எடுத்துடுங்க சார்," என்றார். "எனக்குக் கூச்சமா கீது."

எடுத்துவிட்டேன். அதே களிமண்ணில்தான் கடுக்காயின் முகத்தைச் செய்தேன்.

தழும்புத் தோலில் பசை படக்கூடாது. முதலில் ஒரு ரப்பர்த் துண்டை அவர் முழங்கையில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அரிக்கிறதா என்று பார்த்தேன். அரிக்கவில்லை. முகமூடிக்குள் மெல்லிய மல் துணி வைத்துத் தைத்து, பின்னந்தலையில் கொக்கி போட்டு மாட்டும்படி செய்தேன். தாடையிலும் கண்ணோரத்திலும் மட்டும் பசை. இடது கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு ஒன்றை ரப்பரிலேயே பதித்தேன். கேமராவில் எந்தக் கண் நிஜம் என்று ரகுநாதனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

சந்தை நாள்

கடுக்காய் ஜனங்களுக்கு நடுவே நடந்து போகிற காட்சி ஜமுனாமரத்தூர்ச் சந்தையில். கேமராவை ஒரு ஜீப்பில் மறைத்துவைத்தோம். வெள்ளையன் நீண்ட சாம்பல் அங்கியோடு சந்தைக்குள் இறங்கினார்.

ரகுநாதன் ஓட்டமும் அலறலும் எதிர்பார்த்திருந்தார். ஒருவரும் ஓடவில்லை. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் நெருங்கி வந்தார்கள். புளி விற்கிறவர் எழுந்து நின்று தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இன்னா ஊருப்பா நீ?"

வெள்ளையன் வாய் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் கேட்டவர் மரியாதையாகக் கேட்டாரே. "ரொம்பத் தூரங்க," என்றார். விசிலோடு.

புளிக்காரர் கண் விரிந்தது. "அடேய், இது வெள்ளையன் கொரலு!"

காட்சி கெட்டது என்று நான் தலையில் கைவைத்தேன். ஆனால் கூட்டம் இன்னும் நெருங்கியது. "நெஜமாவா?" "வேர்க்குதா உள்ள?" "சாப்புட எப்டி?" முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தார்கள். கடுக்காய் விற்ற பெண் கன்னத்து வரப்பை நிமிண்டிப் பார்த்து, என் சரக்கைப் பார்த்துத்தானே செய்தீர்கள் என்பது போல என்னைப் பார்த்தார். வெள்ளையன் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். ரகுநாதன் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. ஒளிபரப்பில் அந்தக் காட்சிக்குப் பேச்சை எடுத்துவிட்டு இசை மட்டும் வைத்தார். தொடரிலேயே அதுதான் நல்ல காட்சி என்று பலரும் சொன்னார்கள்.

அன்று வேஷம் கலைத்து, முகம் கழுவி, வெள்ளையன் கிளம்பினார். துண்டை முகத்தில் சுற்றவில்லை. தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் நடந்தார். புளிக்காரர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

ரகுநாதன் கேட்டது

மலையில் கடைசி நாளுக்கு முந்தைய நாள் ரகுநாதன் ஒரு புது முடிவோடு வந்தார். விடைபெறும்போது வேற்றுக் கிரகத்தான் தன் முகத்தைக் கழற்றுகிறான். உள்ளே அவனுடைய நிஜ முகம். அது வெள்ளையனின் சொந்த முகம்.

"கேட்கவே கூடாது," என்றேன்.

இந்த முறை அவர் சிறுத்துப் போகவில்லை. "சார், அவருக்குப் பதிலா நீங்க ஏன் வேண்டாம்னு சொல்றீங்க? அவர் வாய் பேச மாட்டாரா? நான் அவரையே கேக்கறேன். வேண்டாம்னா விட்டுடறேன்."

இருவருமாகப் போனோம். வெள்ளையனும் காசியம்மாவும் பாறை நிழலில் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரகுநாதன் எதிரே தரையில் உட்கார்ந்து, காட்சியை முதலிலிருந்து நிதானமாக விவரித்தார். எதையும் மறைக்கவில்லை. பார்க்கிறவர்கள் திடுக்கிடுவார்கள் என்பதையும் சொன்னார்.

வெள்ளையன் கையைக் கழுவினார். யோசித்தார்.

"அந்த ஆளு எந்த ஊருன்னு சொன்னீங்க சார்?"

"வேற உலகம். நட்சத்திரத்துக்கு அப்பால."

"அப்ப அவன் மூஞ்சி அவன் ஊரு மூஞ்சியாத்தான சார் இருக்கணும்? இது நெல்லிவாசல்நாட்டு மூஞ்சி. என்னைக் கடிச்சது இந்தக் காட்டுக் கரடி. இதை அவனுக்கு எப்டிக் குடுக்கறது?"

காசியம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

ரகுநாதன் கைத்தாளைப் புரட்டினார். பிறகு பேனாவை எடுத்து அந்தக் காட்சியை அடித்தார். "நீங்க சொல்றதுதான் சரி," என்றார். "அவன் முகத்தோடயே போகட்டும்."

மறுநாள் பனியில், ரப்பர் முகத்தோடு வெள்ளையன் பாறை ஏறி மறைந்தார். ஒரே தடவையில் எடுத்தோம்.

ஆலங்காயத்தில் ஒரு ஞாயிறு

தொடர் ஒளிபரப்பாகும்போது மலையில் பெட்டி கிடையாது. கடைசி வாரம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பஸ் பிடித்து வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் போனேன். சொல்லி அனுப்பியிருந்தபடி வெள்ளையனும் காசியம்மாவும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். கடைத்தெருவில் ஒரு ரேடியோக் கடைக்காரர் தெருவைப் பார்க்கப் பெட்டியைத் திருப்பி வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைதான். மூங்கில் கம்பத்தில் உயரமாக ஆன்டெனா. காற்று அடித்தால் படத்தில் புள்ளி மழை பெய்யும்.

தெருவில் நல்ல கூட்டம். யாருக்கும் வெள்ளையனைத் தெரியாது. ஓரமாக நின்றோம். பாறையில் கடுக்காய் ஏறினான். வரப்புகளின் நிழல் நான் நினைத்தபடியே விழுந்தது. சாம்பல் பெட்டியிலும் அவன் எங்கிருந்தோ வந்தவனாகத்தான் இருந்தான். திரும்பிப் பார்த்தான். போனான். பெயர்கள் ஓடின. எழுத்து தெரியாத காசியம்மா, "இவுரு பேரு வந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். வந்தது என்றேன்.

பக்கத்தில் நின்ற லுங்கிக்காரர், சைக்கிள் கடைக்காரர் என்று நினைக்கிறேன், "எவன்டா அது, என்னமா பண்ணியிருக்கான்," என்று பொதுவாகச் சொன்னார்.

"நான்தாங்க," என்றார் வெள்ளையன்.

அந்த மனிதர் திரும்பினார். வெள்ளையனின் முகத்தை நேராகப் பார்த்தார். கண், மூக்கு, உதடு எல்லாவற்றையும் அவர் பார்வை தொட்டது. திரும்பிக்கொள்ளவில்லை.

"நீங்களா? அது வழியா உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுதா?"

"ஒரு கண்ணுதாங்க. இன்னொண்ணு கோலிக் குண்டு."

"கோலியா!" அவர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வாங்கடா. அந்த ஆளு இங்கதான் கீறாரு!"

சுற்றிக்கொண்டார்கள். கேள்விக்குமேல் கேள்வி. வெள்ளையன் இரண்டு கையாலும் காற்றில் முகமூடியை மாட்டிக் காட்டினார். கரி அடுப்பைச் சொன்னார், நெடியைச் சொன்னார், என்னைச் சுட்டிக்காட்டி, இவுருதான் செஞ்சாரு என்றார். யாரோ கரடியைப் பற்றியும் கேட்டார்கள். அதையும் சொன்னார், மற்றதைப் போலவே.

மலைக்குப் போகிற கடைசி பஸ் ஆரன் அடித்தது. காசியம்மா அவர் சட்டையை இழுத்தார்.

"ஏங்க, பஸ்ஸு போவுது."

"போவட்டும்," என்று அவரைப் பார்க்காமலே சொன்னார் வெள்ளையன். "இவுங்க கேட்டுக்கினு கீறாங்க இல்ல?"

பஸ் போனது. காசியம்மா கடைப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரிக்கு ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அலுத்துக்கொள்வது போலத்தான் சொன்னார். ஆனால் எழுந்திருக்கும் அவசரம் அவரிடம் இல்லை.